இருபத்திரண்டாவது படி

"இந்த மூட்டைக்கும் டிக்கெட் எடுத்திருக்கீங்களா?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பக்கத்து இருக்கையில் அவனுடைய நீளமான தோள்பை ஒன்று சொகுசாகச் சாய்ந்திருந்தது. எதிரே, தலையிலிருந்து கால்வரை மழையில் நனைந்த ஒரு பெண்... கண்மை லேசாகக் கரைந்திருந்தது. அந்தக் கண்களில் இருந்த கோபம் மட்டும் கொஞ்சமும் கரையவில்லை.

"சொரி மிஸ்... இதோ எடுத்துர்றேன்..."

பொங்கல் கழிந்த மறுவாரம். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கொட்டிய மழைக்குப் பயந்து பாதி ஊர் தெல்தெனிய பஸ்ஸுக்குள் ஏறியிருந்தது. அவன் பையைத் தூக்கவும், பஸ் குலுங்கிக் கிளம்பவும், அவள் தடுமாறி உட்காரவும் சரியாக இருந்தது. கழுத்தில் கிடந்த ஷோலை யாரோ பிடித்து இழுத்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தாள். பையின் பக்கவாட்டில் தொங்கிய ஒரு தூண்டில் கொக்கி, அவளுடைய ஷோலை நன்றாகக் கவ்வியிருந்தது.

"ஐயோ... இது புது ஷோல்!"

"இழுக்காதீங்க! இழுத்தா கிழிஞ்சிரும். கொக்கியில முள் இருக்கு. மெதுவாத்தான் கழட்டணும்."

"பஸ்ஸுக்குள்ள மீன் பிடிக்க வந்தீங்களா?"

"வந்தது மீனுக்குத்தான்..." என்றவன், அவள் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டான்.

பஸ் வளைந்து வளைந்து ஓடியது. அவன் குனிந்து ஒவ்வொரு நூலாக விலக்கிக்கொண்டிருந்தான். அவசரமே இல்லாத விரல்கள். எழும்பிப் போகவும் முடியாமல், தள்ளி உட்காரவும் முடியாமல் டிலானி ஜன்னலைப் பார்த்தாள். என்ன மனுசன் இவன்... இவ்வளவு பொறுமை ஒருத்தனுக்கு ஆகுமா? மஹய்யாவயில் அவள் வளர்ந்த லைன் குடியிருப்பில் இப்படியொரு பொறுமைசாலியை அவள் கண்டதே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அம்மா.

"ஏறிட்டேம்மா... ஆமா, நனைஞ்சிட்டேன்... மெனேஜர் தெளிவாச் சொல்லிட்டாரும்மா. இந்த ஓடர் கிடைச்சாத்தான் வேலை நிரந்தரம். இல்லன்னா இதோட நிப்பாட்டிருவாராம்... நீ கவலைப்படாத. மழையில தெருக் கூட்டப் போகாத, அந்த ரெயின்கோட்டப் போட்டுக்க..."

போனை வைத்த பிறகுதான், பக்கத்தில் இருந்தவன் எல்லாவற்றையும் கேட்டிருப்பான் என்பது உறைத்தது. அவள் முகம் சூடேறியது. அவன் ஒன்றும் கேட்காதவன் போல் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி நடிப்பது அவனுக்கு வரவே இல்லை.

தென்னக்கும்புரப் பாலம் தாண்டும்போது கொக்கி விடுபட்டது. ஷோலில் ஒரு நூல்கூடக் கிழியவில்லை.

"தேங்க்ஸ்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கோவமாச் சொன்னாலும் தேங்க்ஸ் தேங்க்ஸ்தானே மிஸ்..." என்று அவன் சிரித்தான். வாய் சிரிப்பதற்கு முன்னாலேயே கண் சிரித்துவிடுகிற ரகம். இந்த ரகத்திடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று டிலானி முடிவு செய்துகொண்டாள். முடிவு செய்ததோடு சரி.

திகனையைத் தாண்டி அவள் இறங்கினாள். அவனும் இறங்கினான். அவள் இடப்பக்கத்து ஒழுங்கையில் திரும்பினாள். அவனும் திரும்பினான்.

"என் பின்னால ஏன் வர்றீங்க?"

"நான் மஹ்ரூப் ஹாஜியார் பங்களாவுக்குப் போறேன். படகு காட்ட. நீங்க?"

டிலானி நின்றுவிட்டாள். பொலித்தீன் பைக்குள் பத்திரமாகக் கொண்டுவந்திருந்த 'ரன்தியா' படகுகளின் படப்புத்தகம் அவள் கையில் கனத்தது. அவனுடைய சட்டைப் பையில் தைத்திருந்த பெயரை அப்போதுதான் வாசித்தாள். 'நார்வின்'.

போச்சு... எதிர்க் கம்பனி!

*

மஹ்ரூப் ஹாஜியார் அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் ஒரு பழைய பங்களாவை வாங்கி, வெளிநாட்டுக்காரர்கள் தங்கித் தூண்டில் போடும் இடமாக மாற்றிக்கொண்டிருந்தார். படகு ஓட்ட அனுமதிக் கடிதம்கூட வந்துவிட்டது. படகுதான் இல்லை. அவருடைய மனைவி அபீபா உம்மாவுக்கோ இந்த வியாபாரமே பிடிபடவில்லை.

"கஷ்டப்பட்டு மீனப் பிடிச்சி, படமெடுத்துட்டு, திரும்பத் தண்ணிக்குள்ளயே உடுவாங்களாம். இதுக்குப் போய் படகா? அல்லாஹ்வே... அந்த மீனுக்காவது வெளங்குமா என்ன நடந்திச்சின்னு?"

"அது ஸ்போர்ட்ஸ் உம்மா," என்றான் நார்வின்காரன். பெயர் திலக்ஷன். ஊர் புசல்லாவை.

மழை விட்டிருந்தது. பங்களா வாசலிலிருந்து நீர்த்தேக்கத்துக்குள் இறங்கும் சிமெந்துப் படிகளில் மூன்று மட்டும்தான் வெளியே தெரிந்தன. மற்றதெல்லாம் தண்ணீருக்குள். அவ்வளவு நிறைந்த தண்ணீர். முதல்நாளே லொறியில் வந்திறங்கிய இரண்டு படகுகளும் பக்கத்துப் பக்கத்தில் மிதந்தன.

நார்வின் பார்க்கவே எடுப்பாக இருந்தது. வெளிநாட்டுத் தயாரிப்பு. கூர்மையாக இறங்கும் அடிப்பாகம், சுழலும் மெத்தைக் கதிரைகள், பிடித்த மீனை உயிரோடு வைக்கத் தொட்டி, தண்ணீருக்கடியில் என்ன இருக்கிறது என்று காட்டும் ஒரு சின்னத் திரை. ரன்தியா உள்ளூரில் வார்த்த ஃபைபர் படகு. தட்டையான அடி, அகலமான தளம், அழுத்தமான பலகை இருக்கை. அலங்காரம் என்று சொல்ல ஒரு நீலக் கோடு மட்டும்.

திலக்ஷன் ஹாஜியாரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனான். நார்வின் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது. ஹாஜியாரின் தொப்பி காற்றில் பறக்கப் பார்த்தது. திரும்பி வந்தபோது அவருக்கு வயது இருபது குறைந்திருந்தது.

டிலானியின் முறை. அவளுக்கு நீந்தத் தெரியாது. அதை வேலை பார்க்கும் கடையில் ஒருவருக்கும் சொன்னதில்லை. லைஃப் ஜாக்கெட்டை இரண்டு தடவை இறுக்கிக்கொண்டு, ஹாஜியாரையும் உம்மாவையும் ஏற்றி எஞ்சினைக் கிளப்பினாள். ரன்தியா பறக்கவில்லை. நிதானமாகப் போனது. நடுவில் நிறுத்தி, "ரெண்டு பேரும் ஒரே பக்கமா எழும்பி நில்லுங்க," என்றாள்.

"என்ன மகள், உழுந்துருவோமே!" என்றாள் அபீபா உம்மா.

"விழ மாட்டீங்க உம்மா. தூண்டில் போடுறவங்க உட்கார்ந்துகிட்டுப் போட மாட்டாங்க. நின்னுகிட்டுத்தான் வீசுவாங்க. மீன் இழுக்கும்போது எல்லாரும் ஒரே பக்கம் ஓடிருவாங்க."

இரண்டு பேரும் நின்றார்கள். இருவருமே வஞ்சனையில்லாத உடம்புக்காரர்கள். படகு கொஞ்சம் சரிந்து, அப்படியே நின்றுகொண்டது. கரையிலிருந்து திலக்ஷன் தன்னையறியாமல் கை தட்டிவிட்டான். எதிர்க் கம்பனிக்காரன் கை தட்டலாமா? டிலானி முறைத்தாள். ஆனால் உள்ளே எங்கோ குளிர்ந்தது.

ஆனாலும் ஹாஜியாரின் கண் நார்வின் மேலேயே இருந்தது. "ரெண்டு நாள் தாங்க... யோசிச்சிச் செல்றேன்," என்றார். அந்த யோசனையின் முடிவு அவருடைய முகத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

*

மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. "மகள், ரன்தியாவையே எடுப்பம். பேப்பரெல்லாம் கொண்டு வாங்க."

கட்டுகஸ்தோட்டைக் கடையில் மெனேஜர் எழும்பி நின்று கை கொடுத்தார். டிலானி அம்மாவுக்குப் போன் எடுத்து, பேச முடியாமல் அழுதாள். அம்மா ரத்தினம்மா முப்பது வருடமாகக் கண்டி மாநகரசபையில் தெருக் கூட்டுகிறவள். அந்த லைனில் கழுத்தில் பெயர் அட்டை மாட்டிக்கொண்டு, மேசை போட்டு வேலை பார்க்கிற முதல் பெண் டிலானிதான்.

பறந்துகொண்டுதான் பங்களாவுக்கு வந்தாள். தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபடி அபீபா உம்மா சாதாரணமாகச் சொன்னாள்.

"இவருக்கு மத்தப் படகுலதான் ஆசை. அந்தத் தம்பிதான் நேத்து வந்து வாணாம்னு செல்லிட்டாரு. இந்த எடத்துக்கு ரன்தியாதான் சரின்னு. தன்ட படகையே வாணாம்னு செல்ற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்..."

வாங்கிய கோப்பையை டிலானி அப்படியே கீழே வைத்தாள். பஸ்ஸில் போன் பேசியது நினைவுக்கு வந்தது. 'இந்த ஓடர் கிடைச்சாத்தான் வேலை...' கொக்கியைப் பார்ப்பது போல் குனிந்திருந்த அவன் தலை நினைவுக்கு வந்தது.

ஓ... பாவம் பார்த்திருக்கிறான்.

பாவம் பார்ப்பவர்களை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தீபாவளிக்குப் பழைய உடுப்பைப் பையில் போட்டுக் கொடுப்பவர்கள், அவள் நல்ல மார்க்ஸ் எடுத்தால் 'தெருக் கூட்டுறவ மகளா?' என்று ஆச்சரியப்படுபவர்கள். அந்தக் கையிலிருந்து எதையும் வாங்குவதில்லை என்று பத்து வயதில் முடிவெடுத்தவள் அவள்.

திலக்ஷன் கீழே படிக்கட்டடியில் நின்றிருந்தான், தன் படகைத் திருப்பிக் கொண்டுபோக. விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

"எனக்குப் பிச்சை போட நீங்க யாரு?"

"மிஸ்...?"

"பஸ்ல ஒட்டுக் கேட்டீங்க. பாவம், கூட்டுறவ மகள், வேலை போயிரும்னு விட்டுக் குடுத்துட்டீங்க. அப்படித்தானே?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ஆனால் குரல் உயரவில்லை.

"கேட்டது உண்மை. ஆனா அதுக்காகச் சொல்லல. ஹாஜியார் இந்த இடத்தைத் தண்ணி நிறைஞ்ச மாசத்துல பார்த்து வாங்கிட்டாரு. வெயில் காலத்துல இங்க தண்ணி எவ்வளவு இறங்கும்னு அவருக்குத் தெரியாது. அணை கட்டுனப்போ மூழ்குன பழைய தெல்தெனிய டவுன் முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு மிஸ். அந்தா... அந்த இடத்துல ஒரு சுவர் இருக்கு. படகு ஓட்டும்போது திரையில பார்த்தேன். எங்க ஊர்ப் பக்கம் கொத்மலையிலயும் இப்படித்தான், தண்ணி இறங்குனா பழைய பன்சல, புத்தர் கோயில், வெளியே வரும். சுவர் வெளியே தெரிஞ்சா பிரச்சினை இல்ல. கொஞ்சம் கீழ ஒளிஞ்சிருக்கும் பாருங்க, அப்பதான் ஆபத்து. நார்வினுக்கு மூணு அடி ஆழம் வேணும். உங்க படகுக்கு ஒரு அடி போதும்."

"நம்பச் சொல்றீங்களா?"

"வாங்க, திரையில காட்டுறேன்."

"உங்க கம்பனித் திரை... நீங்க சொன்னதத்தான் காட்டும்!"

அவன் தலையைச் சொறிந்தான்.

"எத்தனை படி வெளிய வந்தா அந்தச் சுவர் தட்டும்?" என்று கேட்டாள்.

அவன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இருபத்திரெண்டு," என்றான்.

"சரி. இருபத்திரெண்டாவது படி வெளிய வர்ற அன்னைக்கு ரெண்டு படகையும் ஓட்டிப் பார்ப்போம். அதுவரைக்கும் இந்த ஓடர் எனக்கு வேணாம்."

மேலே வந்து ஹாஜியாரிடமும் அதையே சொன்னாள். பங்களா வேலை முடியவே புரட்டாசி ஆகும் என்பதால் அவருக்கு அவசரமில்லை. மெனேஜருக்குத்தான் தலை சுற்றியது. "கையில வந்த ஓடரை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? ஓகஸ்ட் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குப் பிறகு என்கிட்ட வராதீங்க," என்றார்.

அன்றிரவு டிலானி சோற்றை அப்படியே மூடி வைத்தாள். அவன் சொன்னது பொய்யென்றால் வேலை போகும். உண்மையென்றால்... உண்மையென்றால் அவள் ஒரு நல்லவனைத் திட்டியிருக்கிறாள். இரண்டில் எது நடந்தாலும் நல்லதாகத் தெரியவில்லை.

*

அந்தச் சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அவள் தெல்தெனிய பஸ் ஏறினாள். தண்ணீர் இறங்குகிறதா என்று நேரில் பார்க்க வேண்டாமா? பங்களாவுக்குப் போனால், படியில் ஏற்கெனவே திலக்ஷன் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நீங்க தப்பா எண்ணிட்டா?"

"எனக்கு எண்ணத் தெரியாதா?"

"கோவம் வந்தா ஆளுக எண்ணுறதுல தவறிருவாங்க மிஸ்..."

நான்கு படிகள். இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணி, சரிதான் என்று ஒப்புக்கொண்டு, தனித்தனி பஸ்ஸில் திரும்பினார்கள். அடுத்த சனியும் அப்படியே. அதற்கடுத்த சனி மழை பிடித்துக்கொண்டதால் ஒரே பஸ்.

அபீபா உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னத்துக்கு மகள் இவ்வளவு தூரம் அலையிறீங்க? நான் போன்ல படமெடுத்து அனுப்புறேனே. வாரா வாரம் படிய எண்ணிக்கொள்ள ஏலும் தானே?"

"படத்துல சரியாத் தெரியாது உம்மா," என்றாள் டிலானி.

"தண்ணி மினுங்கும் உம்மா," என்றான் திலக்ஷன்.

உம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ம்ம்... மினுங்குது தான்," என்று உள்ளே போனாள். அடுத்த வாரத்திலிருந்து தேத்தண்ணி ஒரே தட்டில் இரண்டு கோப்பையாக வந்தது.

மாசியில் ஏழு படி. பங்குனியில் பத்து. தண்ணீர் இறங்க இறங்க அவர்கள் உட்காரும் இடமும் கீழே இறங்கியது. பேச்சு முதலில் படகைப் பற்றித்தான் இருந்தது. பிறகு மீனைப் பற்றி. விரால் எப்படிக் கடிக்கும், திலாப்பியா எப்படி ஏமாற்றும்... பிறகு அவன் படிப்பை விட்ட கதை. பிறகு, யாரிடமும் சொல்லாத அவளுடைய ரகசியம்.

"நீந்தத் தெரியாதா? படகு விக்கிறவங்களுக்கா?"

"சிரிச்சீங்கன்னா தள்ளி விட்டுருவேன்!"

"சிரிக்கல மிஸ். பயந்துகிட்டே அன்னைக்கு அவ்வளவு நல்லா ஓட்டுனீங்களே... அதான்." அவன் உண்மையிலேயே சிரிக்கவில்லை. அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் மினுங்கியது.

ஆனியில் மழை பிடித்தது. பதினாறில் நின்ற தண்ணீர் ஒரே வாரத்தில் மூன்று படி மேலே ஏறிவிட்டது.

"சே... இன்னும் தள்ளிப் போகுதே!" என்றான் அவன்.

"ஆமா... எவ்வளவு கரைச்சல்!" என்றாள் அவள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, தன் வாய் தானாகச் சிரித்துக்கொண்டிருப்பதை ஜன்னல் கண்ணாடியில் பார்த்துத் திடுக்கிட்டாள். உனக்கு வேலை போகப் போகுதுடி... நீ சிரிக்கிறியா?

ரத்தினம்மாவும் சும்மா இருக்கவில்லை. "சனிக்கிழமைன்னா மட்டும் அஞ்சு மணிக்கே எழும்பித் தலைக்குக் குளிக்கிற. தண்ணி அளக்கிறதுக்கு ஷெம்பூ எதுக்கு?"

"போம்மா..."

ஆனாலும் ஒரு முள் உள்ளேயே இருந்தது. அவன் தன்னைப் பாவம் பார்த்தவனா, இல்லையா? பாவம் பார்த்தவன் என்றால், இந்தச் சனிக்கிழமைகளும் பாவத்தில்தான் சேரும். அப்படிப்பட்ட அன்பு அவளுக்கு வேண்டாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் அவனை நிமிர்ந்து பார்க்கக்கூட அவள் தயாராக இல்லை.

*

பெரஹெரா முடிந்த அடுத்த சனிக்கிழமை. ஊர்வலம் போன வீதிகளை ஒரு வாரமாகக் கூட்டிய களைப்பில் ரத்தினம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். டிலானி விடிந்ததும் புறப்பட்டுவிட்டாள். ஓகஸ்ட் முடிய இன்னும் மூன்றே நாள்.

இருபத்திரண்டாவது படி ஈரத்தோடு வெளியே நின்றது.

கரை வெகுதூரம் சேறாகக் கிடந்தது. அதன் விளிம்பில், மறுபடி லொறியில் வந்திறங்கிய இரண்டு படகுகளோடு திலக்ஷன் காத்திருந்தான். தூரத்தில் மொட்டை மரங்களும், எங்கோ ஒரு பழைய வாசல் நிலையும் தலை காட்டின. ஆனால் திலக்ஷன் காட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் தண்ணீர், அமைதியாக...

அபீபா உம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "அவரவர் படக அவரவர் ஓட்டினா நாங்க எப்படி நம்புற? மாத்தி ஓட்டுங்க. மகள் நார்வின ஓட்டட்டும். தம்பி ரன்தியாவ ஓட்டட்டும்."

டிலானி நார்வினில் ஏறினாள். மெதுவாக, நேராக அந்த இடத்தை நோக்கி விட்டாள். மனம் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. தட்டாவிட்டால் அவன் பொய்யன், வேலையும் இல்லை. தட்டிவிட்டால்...

கறக்...

காலுக்கடியில் படகின் வயிறு எதிலோ உரசியது. எஞ்சின் ஒரு தரம் விக்கி நின்றது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது. அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். பச்சைத் தண்ணீருக்குள் கைக்கெட்டும் ஆழத்தில் செங்கல் வரிசை. யாருடையதோ ஒரு வீட்டுச் சுவர்.

உண்மை. அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

"அசையாதீங்க! அப்படியே இருங்க, வர்றேன்!"

ரன்தியா வந்தது. எஞ்சினைத் தூக்கிவிட்டு, துடுப்பால் தள்ளியபடி, அதே சுவருக்கு மேலாக ஒரு கீறல்கூட விழாமல் வந்து பக்கத்தில் நின்றது. அவன் கயிற்றை எறியவில்லை. தானே எட்டி, இரண்டு படகையும் சேர்த்துக் கட்டினான். அவள் இன்னும் விளிம்பை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்து ரன்தியாவுக்குள் ஏற்றினான்.

"பயந்துட்டீங்களா?"

அவள் தலையாட்டினாள். பிறகு கேட்டாள்.

"அப்போ... நீங்க எனக்காகச் செய்யல."

"இல்ல மிஸ். அன்னைக்கே சொன்னேனே."

"என்னைப் பாவம் பார்க்கல."

"உங்களைப் பார்த்தா யாருக்காவது பாவம் பார்க்கத் தோணுமா? பயம்தான் வரும்."

அவள் சிரிக்க வேண்டிய இடம் அது. வேலை கிடைத்துவிட்டது. யாரும் போட்ட பிச்சையும் இல்லை. படகு தன் தகுதியில் ஜெயித்திருக்கிறது. ஏழு மாதமாக எதைத் தெரிந்துகொள்ளக் காத்திருந்தாளோ அது தெரிந்துவிட்டது. பிறகு ஏன் கண் நிறைகிறது?

"ஏன் அழுறீங்க? ஜெயிச்சிட்டீங்க மிஸ்!"

"எனக்காகச் செஞ்சீங்கன்னு நெனச்சு ஏழு மாசமாக் கோவப்பட்டேன்..." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்காகச் செய்யலன்னு தெரிஞ்சதும்... அதவிடக் கோவமா வருது. இனி சனிக்கிழமை எண்ணுறதுக்கு ஒரு படியும் இல்ல. போதுமா?"

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு தண்ணீரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், அவனை மட்டும் பார்க்கவில்லை.

அவன் துடுப்பைக் கீழே வைத்தான்.

"ஒரு பொய் சொல்லியிருக்கேன்," என்றான் மெதுவாக.

அவள் சட்டென்று திரும்பினாள்.

"படகப் பத்திச் சொன்னது எல்லாம் உண்மை. அதுல பொய் சொன்னா நாளைக்கு யாராவது விழுந்து சாவாங்க. ஆனா... இருபத்திரெண்டு படின்னு சொன்னேனே, அது பொய். திரையில ஆழம் பார்த்தேன்ல... பதினெட்டுலயே தட்டும்."

"பதினெட்டா? அது வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே! பின்ன ஏன் இருபத்திரெண்டுன்னீங்க?"

"நீங்க அன்னைக்கு அவ்வளவு கோவமா நின்னீங்க... பதினெட்டுன்னு சொன்னா சீக்கிரம் முடிஞ்சிரும்னு தோணிச்சு. நாலு படி கூட இருந்தா இன்னும் கொஞ்ச நாள் உங்களப் பார்க்கலாமேன்னு... வேலை போயிரும்னு நீங்க பயந்துகிட்டு இருக்கிறது தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன். போன வாரமே சொல்லிரணும்னு நெனச்சேன். முடியல. அது தப்பு. அதுக்குத் திட்டுங்க. ஆனா எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு டிலானி. பாவத்துல இல்ல... பஸ்ல மூட்டைக்கு டிக்கெட் கேட்டீங்களே, அந்த நிமிசத்திலேர்ந்து."

காற்று நின்றிருந்தது. கட்டிய இரண்டு படகுகளும் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டன. கரையிலிருந்து அபீபா உம்மா, "என்ன நடக்குது அங்க? எந்தப் படகு நல்லம்னு செல்லுங்களேன்!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

டிலானி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பொய்க்காரன்... நாலு படித் திருடன். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. உதட்டில் மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்க அவள் முயலவே இல்லை.

"சொன்னதுதான் சொன்னீங்க... முப்பதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"